ரிக்ஸியா குடும்பம்: எளிமையானது என்றால் பழமையானதா?

[காட்சி: அறுவடை முடிந்த ஈர வயல். கேமரா மண்ணை நெருங்குகிறது.]

வணக்கம். மண்ணோடு ஒட்டிக்கிடக்கும் இந்தப் பச்சை வட்டம் பத்து ரூபாய் நாணயம் அளவுதான் இருக்கும். பார்க்கப் பாசி போலத் தெரிந்தாலும் பாசி இல்லை. லிவர்வோர்ட் என்ற பூக்காத சிறு தாவர வகையைச் சேர்ந்த ரிக்ஸியா. இதன் குடும்பம் ரிக்ஸியேசி.

இதற்குத் தண்டு, இலை, வேர் எதுவும் கிடையாது. உடல் முழுக்க ஒரே தட்டையான தகடுதான்; அதைத் தாலஸ் என்பார்கள். ஒவ்வொரு கிளையும் நுனியில் இரண்டிரண்டாகப் பிரிந்துகொண்டே போவதால் வட்டமாகப் படர்கிறது. கிளையின் நடுவில் நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓடும். கவிழ்த்துப் பார்த்தால் செதில்களும், வேருக்குப் பதிலாக மண்ணைப் பிடித்திருக்கும் மெல்லிய வேரிழைகளும் தெரியும்.

[காட்சி: தாலஸின் குறுக்குவெட்டு, நுண்ணோக்கியில்.]

இந்தக் கரிய உருண்டையைக் கவனியுங்கள். இதுதான் கேப்சூல். இதற்குள்தான் ஸ்போர்கள், அதாவது புதுச் செடியாக முளைக்கும் நுண்துகள்கள், இருக்கின்றன. இன்னொரு லிவர்வோர்ட்டான மார்கான்ஷியாவில் கேப்சூலோடு பாதம், காம்பு, ஸ்போர்களைச் சிதறவிடும் எலேட்டர்கள் எல்லாம் உண்டு. ரிக்ஸியாவில் இவை ஒன்றுமே இல்லை. கேப்சூல் தாலஸுக்குள்ளேயே புதைந்து கிடக்கும். தாலஸ் காய்ந்து மட்கினால்தான் ஸ்போர்கள் மண்ணுக்கு வரும். அப்புறம் அடுத்த ஈரத்தில் முளைக்கும்.

சரி, இவ்வளவு எளிமையான செடி என்றால் லிவர்வோர்ட்களிலேயே இதுதான் பழமையானதா? அப்படித்தான் ஒரு காலத்தில் பலரும் எண்ணினார்கள். லாகூரில் பணியாற்றிய தாவரவியலாளர் சிவ் ராம் காஷ்யப் (1882–1934) அதை ஏற்கவில்லை. இமயமலை லிவர்வோர்ட்களை ஊன்றி ஆராய்ந்தவர் அவர். சிக்கலான உடலமைப்பு கொண்ட முன்னோர்களிடமிருந்து உறுப்புகள் படிப்படியாகக் குறைந்துதான் ரிக்ஸியா உருவானது என்றார். பின்னாளில் வந்த டி.என்.ஏ. ஒப்பீடுகளும் ரிக்ஸியாவை லிவர்வோர்ட்களின் வம்ச மரத்தின் அடியில் வைக்கவில்லை. மார்கான்ஷியாவின் உறவுகளுக்கு நடுவே ஒரு கிளையாகத்தான் வைக்கின்றன. டி.என்.ஏ. என்ற சொல்லே புழக்கத்தில் இல்லாத நாளில், செடிகளை மட்டும் பார்த்து காஷ்யப் இந்த முடிவுக்கு வந்தது எனக்குப் பெரிய வியப்பு.

[காட்சி: குளத்து நீரில் மிதக்கும் செடி.]

குடும்பத்தில் இரண்டு பேரினங்கள். ரிக்ஸியாவில் 150-க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் இருக்கின்றன. மீன்தொட்டிக்காக விற்கப்படும் ரிக்ஸியா ஃப்ளூயிடன்ஸ் அவற்றில் ஒன்று. இன்னொரு பேரினமான ரிக்ஸியோகார்பஸில் ஒரே சிற்றினம்தான். ரிக்ஸியோகார்பஸ் நாடன்ஸ் என்று பெயர். லின்னேயஸ் இதையும் ரிக்ஸியாவில்தான் சேர்த்திருந்தார். மிதக்கும்போது அடியில் ஊதா நிறச் செதில்கள் நீளமாகத் தொங்கும். தண்ணீர் வற்றிச் சேற்றில் தங்கிவிட்டால் வேரிழைகள் விட்டு அங்கேயே வளரும்.

ஆக்ஸிமிட்ரா என்ற இன்னொரு லிவர்வோர்ட்டை எங்கே வைப்பது என்பதில்தான் இழுபறி. அதற்கும் எலேட்டர் இல்லை என்பதால் சிலர் இதே குடும்பத்தில் சேர்த்தார்கள். இப்போதைய வகைப்பாடு அதைத் தனிக் குடும்பமாகப் பிரித்திருக்கிறது. எலேட்டரை இழந்த லிவர்வோர்ட்கள் வேறு குடும்பங்களிலும் இருப்பதால், அந்த ஒரு அடையாளத்தை மட்டும் வைத்து உறவு சொல்லிவிட முடியாது.