இரண்டு வயதாகியும் பேச்சு வரவில்லையா? சும்மா காத்திருக்க வேண்டாம்

[காட்சி: கூடத்தில் டப்பாக்களை அடுக்கி விளையாடும் குழந்தை. பின்னணியில் பெரியவர்களின் குரல்கள்.]

"அவன் அப்பாவும் மூணு வயசுலதான் பேசினான்."

"ஆம்பளப் புள்ளைக்குக் கொஞ்சம் லேட்டாத்தான் வரும்."

"குமரகுருபரரே அஞ்சு வயசு வரைக்கும் பேசலையாம். திருச்செந்தூர் முருகன் சந்நிதியிலதான் வாய் திறந்தாராம்."

பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை என்றதும் நம் வீடுகளில் இப்படித்தான் பேச்சு கிளம்பும். சொல்கிறவர்கள் ஆறுதலுக்காகச் சொல்கிறார்கள். அதில் உண்மையும் இருக்கிறது. தாமதமாகப் பேச ஆரம்பித்து, பள்ளிக்கூடம் சேர்வதற்குள் மற்றவர்களை எட்டிப் பிடித்துவிடும் பிள்ளைகள் நிறையப் பேர். ஆனால் இரண்டு வயதுக் குழந்தையைப் பார்த்து, "இது தானாகப் பேசிவிடும்" என்று யாராலும் உறுதி கொடுக்க முடியாது. மருத்துவராலும் முடியாது. அதனால் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: காது பரிசோதனைக்குத் தள்ளிப் போடாமல் போங்கள். வீட்டில் குழந்தையிடம் பேசும் விதத்தை இன்றைக்கே மாற்றுங்கள். தானாகப் பேசிவிடக்கூடிய குழந்தைக்கு இதனால் எந்த நஷ்டமும் இல்லை. உதவி தேவைப்படும் குழந்தைக்கோ ஒரு வருடம் மிச்சமாகும்.

[திரையில்: 12 மாதம், 18 மாதம், 24 மாதம்]

எந்த வயதில் எவ்வளவு பேச வேண்டும்? ஒரு வயதை ஒட்டி, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் குழந்தை திரும்பிப் பார்க்கும். 'பாபாபா', 'தாதாதா' என்று மழலை வரும். டாட்டா காட்டும். ஓரிரு சொற்களும் வரலாம். ஒன்றரை வயதில் பொருள் தெரிந்து சொல்லும் சொற்கள் பத்துப் பக்கம் இருக்கும். இரண்டு வயதில் சுமார் 50 சொற்கள், அதோடு இரண்டு சொற்களைச் சேர்த்து "பால் தா", "அம்மா வா", "காக்கா போச்சு" என்று பேசும். 50 சொற்கள் என்ற கணக்கில் கொஞ்சம் தளர்வு உண்டு. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2022-இல் தன் குழந்தை வளர்ச்சிப் பட்டியலைத் திருத்தியபோது அதை 30 மாதத்துக்கு வைத்தது. இரண்டு சொற்களைச் சேர்த்துச் சொல்வது மட்டும் 24 மாதத்திலேயே இருக்கிறது.

சொற்களை எண்ணும்போது தாராளமாக எண்ணுங்கள். நாயைப் பார்த்து ஒவ்வொரு முறையும் 'பௌபௌ' என்றால் அது ஒரு சொல். சோற்றுக்கு 'மம்மம்' என்றால் அதுவும் ஒரு சொல். உச்சரிப்பு சரியாக இல்லாவிட்டாலும் கணக்கில் சேரும்.

சரி, சொல் எண்ணிக்கை குறைவு என்றே வைத்துக்கொள்வோம். அடுத்துப் பார்க்க வேண்டியது, குழந்தைக்கு நாம் சொல்வது புரிகிறதா என்பது. "செருப்பை எடுத்துட்டு வா" என்று கையால் காட்டாமல் சொன்னால் எடுத்து வருகிறதா? வானத்தில் விமானம் போனால் விரலை நீட்டிக் காட்டிவிட்டு, நீங்களும் பார்த்தீர்களா என்று உங்கள் முகத்தைப் பார்க்கிறதா? வேண்டியதைக் கேட்பதற்காகக் காட்டுவது ஒன்று. தான் ரசித்ததை நாமும் பார்க்க வேண்டும் என்று காட்டுவது அதைவிடப் பெரிய விஷயம். வாயில் சொல் குறைவாக இருந்தாலும், புரிதலும் இந்தச் சுட்டிக் காட்டலும் நன்றாக இருக்கும் பிள்ளைக்கு முன்னேற வாய்ப்பு அதிகம்.

[காட்சி: சிவப்பு நிறப் பின்னணி. இசை இல்லை.]

சிலவற்றுக்கு ஒரு வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது. ஒரு வயதாகியும் மழலையும் இல்லை, கையசைப்பு எதுவும் இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதே இல்லை. 16 மாதமாகியும் ஒரு சொல்கூட இல்லை. இரண்டு வயதில் இரண்டு சொற்கள் சேரவில்லை. இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, வந்த பேச்சு நின்றுபோவது. "முன்னாடி அம்மா, தாத்தா எல்லாம் சொன்னான், இப்போ சொல்றதில்லை" என்றால், எந்த வயதாக இருந்தாலும் உடனே குழந்தை நல மருத்துவரிடம் போக வேண்டும்.

ஆட்டிசமாக, அதாவது பிறரோடு பழகுவதையும் பேசுவதையும் பாதிக்கும் வளர்ச்சிக் குறைபாடாக, இருக்குமோ என்ற பயம் பல பெற்றோருக்கு உண்டு. வெளியே சொல்ல மாட்டார்கள், இரவெல்லாம் போனில் தேடுவார்கள். 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கு 'எம்-சாட்' என்று ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. ஆம், இல்லை என்று பதில் சொல்லும் 20 கேள்விகள். அது முடிவான பதிலைத் தராது. மேற்கொண்டு விரிவாகப் பார்க்க வேண்டுமா என்பதை மட்டும் சொல்லும். தனியாகப் பயந்துகொண்டிருப்பதைவிட அதை மருத்துவரிடம் கேட்டுச் செய்துவிடுவது எவ்வளவோ மேல்.

[காட்சி: காதுக்குள் சிறு கருவி வைத்துப் பரிசோதிக்கும் அனிமேஷன்]

இப்போது காது. "கை தட்டினா திரும்புறானே, டிவி சத்தம் கேட்டா ஓடி வர்றாளே, காது நல்லாத்தான் இருக்கு" என்பார்கள். இதை நம்பி விட்டுவிடாதீர்கள். கை தட்டும்போது நிழலோ காற்றோ பட்டுக்கூடக் குழந்தை திரும்பும். அதைவிட முக்கியம், கேட்கும் திறன் பாதி குறைந்திருந்தாலும் பெரிய சத்தம் கேட்கும். ஆனால் 'ச', 'த' போன்ற மெல்லிய ஒலிகள் பிடிபடாது. அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைகளுக்கு நடுக்காதில் நீர் சேர்ந்து, சில வாரம் மந்தமாகவும் சில வாரம் தெளிவாகவும் கேட்கும். வலி இருக்காது என்பதால் வீட்டில் யாருக்கும் தெரியாது.

பரிசோதனைக்குக் குழந்தை பதில் சொல்ல வேண்டியதில்லை. ஓஏஇ என்ற சோதனையில் காதுக்குள் ஒரு சிறு முனையை வைத்து ஒலி அனுப்புவார்கள். உள்காது நலமாக இருந்தால் அதிலிருந்து திரும்பி வரும் மெல்லிய ஒலியைக் கருவி பதிவு செய்துகொள்ளும். பெரா சோதனையில் குழந்தை தூங்கும்போது தலையில் சிறு ஒட்டுகளை ஒட்டி, ஒலிக்குக் கேள்வி நரம்பும் மூளைத்தண்டும் எப்படிப் பதிலளிக்கின்றன என்று பார்ப்பார்கள். இரண்டிலும் வலி இல்லை. பிறந்தவுடன் செய்த சோதனையில் 'பாஸ்' ஆகியிருந்தாலும் மறுபடி செய்யுங்கள், கேட்கும் குறைபாடு பிறகும் வரலாம். குறை இருப்பது தெரிந்தால் காது கேட்கும் கருவி, காக்ளியர் இம்ப்ளான்ட் (அறுவை சிகிச்சை செய்து உள்காதில் பொருத்தும் கருவி) எல்லாம் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

[காட்சி: தரையில் குழந்தையின் எதிரே உட்கார்ந்திருக்கும் அப்பா]

அடுத்து, வீட்டில் பேசும் விதம். பேசாத குழந்தையைப் பார்த்தால் நாம் எல்லோரும் வாத்தியாராகிவிடுகிறோம். "இது என்ன? சொல்லு! யானை சொல்லு! மாமாவுக்குச் சொல்லிக் காட்டு!" நாள் முழுக்கப் பரீட்சை. சொல் வராத பிள்ளைக்கு இது பெரிய பாரம், கொஞ்ச நாளில் வாயை இன்னும் இறுக்கிக்கொள்ளும். கேள்வியை நிறுத்திவிட்டு, குழந்தை எதைப் பார்க்கிறதோ அதன் பெயரை நீங்களே சொல்லுங்கள். சொம்பைப் பார்க்கிறதா? "தண்ணி. தண்ணி வேணுமா? இந்தா, தண்ணி." ஒரே சொல் மூன்று முறை, மூன்றும் இயல்பான பேச்சில். முகத்துக்கு நேராக, அதன் உயரத்துக்கு இறங்கிச் சொல்லுங்கள். உங்கள் உதடு அசைவது அதற்குத் தெரிய வேண்டும்.

குழந்தை ஒரு சொல் சொன்னால் நீங்கள் இன்னொன்றைச் சேர்த்துத் திருப்பிக் கொடுங்கள். "காக்கா" என்றால் "காக்கா பறக்குது". "பூ" என்றால் "மஞ்சப் பூ". 'பழம்' என்பதைப் 'பயம்' என்று சொன்னால் திருத்த வேண்டாம், "ஆமா, பழம்!" என்று சரியாகச் சொன்னால் போதும். 'ழ'வும் 'ர'வும் எந்தக் குழந்தைக்கும் தாமதமாகத்தான் வரும்.

அப்புறம், காத்திருப்பது. இதுதான் எல்லோருக்கும் கஷ்டம். கூட்டுக் குடும்பங்களில் குழந்தை வாய் திறப்பதற்கு முன்பே பாட்டி பாலோடு வந்துவிடுவார். பேச்சு தாமதமாவதற்கு அந்த அன்பு காரணமில்லை. ஆனால் கேட்பதற்கான வாய்ப்பு அதனால் குறைகிறது. பிஸ்கட்டை மூடி இறுக்கமான கண்ணாடி டப்பாவில் போட்டு வையுங்கள். ஊஞ்சலை ஆட்டி, நடுவில் நிறுத்தி, முகத்தைப் பார்த்து மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள். ஒரு சத்தம், ஒரு கையசைப்பு, ஒரு பார்வை, எது வந்தாலும் "ஆட்டு! ஆட்டணுமா? இதோ ஆட்டு!" என்று உடனே ஆட்டுங்கள். "சொன்னாத்தான் தருவேன்" என்று மட்டும் பிடிவாதம் பிடிக்காதீர்கள், அது அழுகையில்தான் முடியும். இட்லியையும் தோசையையும் இரண்டு கையில் காட்டி "இட்லியா, தோசையா?" என்று கேட்பது அதைவிட நல்ல வழி.

இதற்குத் தனி நேரம் ஒதுக்க வேண்டாம். குளிக்க வைக்கும்போது "சோப்பு போடு, கை தேய், தண்ணி ஊத்து" என்று சொல்லிக்கொண்டே செய்யுங்கள். பூ கட்டும்போது, துணி மடிக்கும்போது, பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்காரும்போதும் இதே பேச்சுதான்.

போன் பற்றிச் சுருக்கமாக: ஒரு வயதுக் குழந்தைக்குத் திரை வேண்டாம், 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. போனில் ஓடும் பாட்டு குழந்தைக்குப் பதில் சொல்வதில்லை. சாப்பிடும் நேரத்திலிருந்து முதலில் அதை எடுத்துவிடுங்கள். வெளியூர் தாத்தாவோடு வீடியோ காலில் பேசுவதற்குத் தடையில்லை.

வசம்பைச் சுட்டு நாக்கில் தடவுவது நம் ஊரில் இன்னும் இருக்கிறது. அதனால் பேச்சு வருவதில்லை. அமெரிக்காவில் 1968-இலேயே வசம்பை உணவில் சேர்க்கத் தடை போட்டுவிட்டார்கள். ஒரு வயதுக்குள் தேனும் கூடாது. நாக்கு ஒட்டியிருப்பதால் சில ஒலிகள் மழுங்கலாமே தவிர, பேச்சே வராமல் போகாது.

பெங்களூரிலோ மும்பையிலோ இருக்கும் தமிழ்க் குடும்பங்களிடம் "ரெண்டு மொழி பேசிக் குழப்பாதீங்க, இங்கிலீஷ்ல மட்டும் பேசுங்க" என்று சொல்லிவிடுகிறார்கள். இது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம். இரண்டு மொழிகளால் பேச்சுக் குறைபாடு வருவதில்லை. உங்களுக்குச் சரளமாக வரும் மொழியில் பேசினால்தான் குழந்தைக்கு நல்ல பேச்சு கிடைக்கும். தமிழை விடாதீர்கள். எண்ணும்போது எல்லா மொழிச் சொற்களையும் சேர்த்து எண்ணுங்கள்.

அம்மாவிடம் ஒரு வார்த்தை. "நீ பிள்ளைகிட்ட பேசுறதே இல்ல, வேலைக்குப் போயிடுற" என்று யார் சொன்னாலும், உங்களால் இந்தத் தாமதம் வரவில்லை. வீட்டில் எல்லோரும் இந்த வீடியோவைப் பார்க்கட்டும், அப்பா உட்பட.

[திரையில்: எங்கே போவது?]

2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால ஸ்வஸ்த்ய கார்யக்ரம் என்ற மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில், அங்கன்வாடிக்கே மருத்துவக் குழு வந்து குழந்தைகளைப் பார்க்கிறது. வளர்ச்சித் தாமதம் இருந்தால் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்புவார்கள். அரசு மருத்துவமனையிலோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ அது இருக்கும், கட்டணம் இல்லை. நீங்களாகவும் நேரே போய்க் கேட்கலாம். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. தனியார் பேச்சுப் பயிற்சியாளரிடம் போனால் இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் பதிவு எண் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

போகும்போது, குழந்தை சொல்லும் சொற்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வீட்டில் இயல்பாக விளையாடும்போது இரண்டு நிமிட வீடியோவும் எடுத்துக்கொள்ளுங்கள். புது இடத்தில் பெரும்பாலான பிள்ளைகள் அம்மா மடியை விட்டு இறங்காது, வாயும் திறக்காது. அந்த வீடியோவைப் பார்த்தால் மருத்துவருக்கு வேலை சுலபமாகும்.