1959: இரண்டு வாரத்தில் திசை மாறிய ஜாஸ்

[திரையில்: 1959 நாட்காட்டி. ஏப்ரல் 22, மே 5 இரண்டும் வட்டமிடப்படுகின்றன.]

ஏப்ரல் 22. நியூயார்க்கின் 30-ஆம் தெருவில், தேவாலயமாக இருந்து கொலம்பியா நிறுவனத்தின் ஸ்டுடியோவாக மாறிய கட்டடம். அங்கே டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ தொகுப்பின் பதிவை முடிக்கிறார். டெனர் சாக்ஸபோனில் ஜான் கோல்ட்ரேன், பாஸில் பால் சேம்பர்ஸ். மே 5 அன்று இதே இருவரும் அட்லாண்டிக் நிறுவனத்துக்காக ‘ஜயண்ட் ஸ்டெப்ஸ்’ வாசிக்கிறார்கள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், வாசிப்பவர்கள் ஒரே ஆட்கள் என்று நம்பவே முடியாது.

1940-களில் பிறந்த பீபாப் என்ற ஜாஸ் பாணியில் மனோதர்மம் முழுக்க கார்டுகளின் (chord, சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்களின் தொகுப்பு) மேல்தான் நடக்கும். கார்டு மாறினால் அதற்குப் பொருந்தும் ஸ்வரங்களும் மாறும். வேகமான பாட்டில் விநாடிக்கு ஒரு கார்டு ஓடும். யோசிக்க நேரம் இருக்காது. மைல்ஸ் அந்தக் கார்டுகளைக் குறைத்தார்.

[திரையில்: ‘சோ வாட்’, 32 பார்கள், நான்கு கட்டங்கள்.]

‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வின் முதல் பாட்டு இது. முதல் 16 பார்களும் (ஒரு பார் என்பது நான்கு அடி) டி டோரியன் என்ற ஸ்கேல். அதன் ஸ்வரங்கள் நம் கரகரப்ரியாவின் ஸ்வரங்களேதான். அடுத்த 8 பார்களில் ஆதார ஸட்ஜமே அரை ஸ்வரம் மேலே போகிறது. கடைசி 8 பார்களில் பழைய இடத்துக்கே திரும்புகிறது. இவ்வளவுதான் மொத்த அமைப்பும்.

எளிது என்று நினைத்து வாசிக்க உட்காருபவர்கள் வழி தவறும் இடம் ஒன்று உண்டு. ஒரு சுற்றின் கடைசி 8 பார்களும் அடுத்த சுற்றின் முதல் 16 பார்களும் ஒட்டிக்கொள்வதால், 24 பார்கள் ஒரே ஸ்கேலில் போகும். எண்ணிக்கை விட்டுப்போனால் அரை ஸ்வரம் ஏறும் இடத்தைத் தவறவிடுவீர்கள். எட்டு எட்டாக விரல்விட்டு எண்ணிக்கொண்டே கேளுங்கள்.

‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வின் பழைய இசைத்தட்டோடு சேர்ந்து வாசித்தால் ஸ்ருதி சேராமல் போகலாம். தவறு உங்களுடையது அல்ல. இந்தத் தொகுப்பின் முதல் பதிவு நாளான மார்ச் 2 அன்று முதன்மை டேப் இயந்திரம் சற்று மெதுவாக ஓடியது. அந்த டேப்பைச் சரியான வேகத்தில் போட்டபோது, முதல் பக்கத்தின் மூன்று பாடல்களும் ஸ்ருதி ஏறி ஒலித்தன. 1992-இல்தான் மாற்று டேப்பிலிருந்து சரிசெய்தார்கள்.

இப்போது மே 5. ‘ஜயண்ட் ஸ்டெப்ஸ்’: 16 பார்களுக்குள் 26 கார்டுகள், அதுவும் பி, ஜி, ஈ-ஃப்ளாட் என்று மூன்று ஸ்ருதிகளுக்கு இடையே தாவித் தாவி. ஒரு சுற்று முடிய ஏறக்குறைய 13 விநாடி. பியானோ கலைஞர் டாமி ஃபிளானகனின் தனி வாசிப்பைக் கவனமாகக் கேளுங்கள். ஓடும் வரிகளாகத் தொடங்கியது இடைவெளி விட்டு உடைகிறது, பிறகு கார்டுகளை மட்டும் தொட்டுப் போகிறது. தேர்ந்த கைகளுக்கே அந்தப் பாதை அவ்வளவு கடினம்.

அதே மே 5 அன்று, 30-ஆம் தெருவின் அதே ஸ்டுடியோவில் பாஸ் கலைஞர் சார்லஸ் மிங்கஸ் ‘மிங்கஸ் ஆ அம்’ தொகுப்பைத் தொடங்கினார். அர்கன்சாஸ் ஆளுநர் ஃபாபஸின் இனவெறியைச் சாடிய பாட்டு, அந்தத் தட்டில் பாடல் வரிகள் இல்லாமல், வெறும் வாத்திய இசையாகத்தான் வெளிவந்தது.

[திரையில்: 5/4]

கோடையில் பியானோ கலைஞர் டேவ் புரூபெக்கின் குழு தாளத்தைத் தொட்டது. குழுவின் சாக்ஸபோன் கலைஞர் பால் டெஸ்மண்ட் எழுதிய ‘டேக் ஃபைவ்’ 5/4, அதாவது பாருக்கு ஐந்து அடி. நமக்கு எளிது: தகிட தக, தகிட தக. டிரம்ஸ் தனியின்போது கணக்கு நழுவினால் பியானோவைப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்த ஐந்தை அது விடுவதே இல்லை. அதே குழுவின் ‘ப்ளூ ரோண்டோ’வில் வரும் ஒன்பது அடிகள், இரண்டு, இரண்டு, இரண்டு, மூன்று என்று பிரியும். சொல்லிப் பாருங்கள்: தக திமி தக தகிட. 1958 சுற்றுப்பயணத்தில் துருக்கியின் தெருக் கலைஞர்களிடம் புரூபெக் கேட்ட நடை அது. அதே பயணத்தில் அவர்கள் சென்னைக்கும் வந்திருந்தார்கள்.

நவம்பர் 17. நியூயார்க்கின் ஃபைவ் ஸ்பாட் அரங்கில் ஆர்னெட் கோல்மன், கையில் வெள்ளை பிளாஸ்டிக் சாக்ஸபோனுடன். குழுவில் பியானோவே இல்லை. கார்டுகளைக் கட்டிப்போட யாரும் இல்லாததால், ராகம் போகும் பக்கமெல்லாம் பாஸ் கூடவே போகலாம். மே மாதம் பதிவான ‘லோன்லி வுமன்’ கேளுங்கள். டிரம்ஸ் விரைகிறது. அதன் மேலே சாக்ஸபோனும் கார்னெட்டும் (டிரம்பெட் போன்ற ஊது வாத்தியம்) அந்த வேகத்துக்குக் கட்டுப்படாமல், மெதுவாக, சேர்ந்து அழுகின்றன.