பைபாஸின்போது காலில் இரத்தக்குழாய் எடுப்பவர் யார்? கொங்கு நாட்டில் பிசிஷியன் அசிஸ்டென்டுக்கு என்ன மதிப்பு?

வணக்கம் நேயர்களே. உங்கள் தந்தைக்குக் கோயம்புத்தூரில் பைபாஸ் அறுவை சிகிச்சை நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அறுவை மருத்துவர் நெஞ்சைத் திறந்துகொண்டிருக்கும் அதே நேரத்தில், இதயத்தில் பொருத்தப்போகும் இரத்தக்குழாயை உங்கள் தந்தையின் காலிலிருந்து எடுத்துக்கொண்டிருப்பவர், பல மருத்துவமனைகளில் எம்.பி.பி.எஸ். படித்தவர் அல்லர், அவர் ஒரு பிசிஷியன் அசிஸ்டென்ட், அதாவது மருத்துவரின் மேற்பார்வையில் பணிபுரியும் மருத்துவ உதவியாளர். இவ்வளவு பெரிய வேலையில் கைவைக்கும் ஒருவர் பெண் கேட்டு வந்தால், நம் ஊர்க் குடும்பங்கள் ஏன் தயங்குகின்றன?

(திரையில்: 1965 – 1992 – 2021)

வரலாற்றை விரைவாகப் பார்த்துவிடுவோம். 1965இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் யூஜின் ஸ்டெட் என்ற மருத்துவர், கடற்படையில் மருத்துவப் பணி செய்து திரும்பிய நான்கு பேரைக்கொண்டு இந்தப் படிப்பைத் தொடங்கினார். இந்தியாவில் 1992இல் சென்னை மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் இதனைத் தொடங்கிவைத்தவர், 1975இல் நாட்டின் முதல் பைபாஸ் அறுவை சிகிச்சையைச் செய்த மருத்துவர் கே.எம்.செரியன். தமிழ்நாட்டில் இன்று இது மூன்றாண்டுப் பட்டப்படிப்பு. அதன்பின் ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சி உண்டு.

இப்போது அந்தக் காலுக்குத் திரும்புவோம், ஏனெனில் இந்தப் பணியின் தரம் எனக்குப் புரிந்தது அங்கேதான். கணுக்காலின் உட்பக்கத்திலிருந்து தொடை வரை தோலுக்கடியில் நீளமான ஒரு சிரை, அதாவது இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுசெல்லும் குழாய், ஓடுகிறது. அதைப் பொறுமையாகப் பிரித்தெடுத்து, அதிலிருந்து பிரியும் சிறு கிளைகளை ஒவ்வொன்றாக நூலாலோ கிளிப்பாலோ கட்டி, உள்ளே திரவம் செலுத்தி எங்காவது கசிகிறதா என்று பார்க்க வேண்டும். வியப்பு இனிமேல்தான் இருக்கிறது. கால் சிரைக்குள் இரத்தத்தை மேல்நோக்கி மட்டுமே விடும் வால்வுகள் இருக்கின்றன. ஆகவே, அதைத் தலைகீழாகத் திருப்பி, கணுக்கால் பக்க முனையை உடலின் பெருந்தமனியிலும், தொடைப் பக்க முனையை இதயத் தமனியிலும் தைக்கிறார்கள். எந்த முனை எது என்பதில் குழப்பம் வந்தால் அந்த வால்வுகளே இரத்தத்தைத் தடுத்துவிடும் என்பதால், எடுத்துக் கொடுப்பவரின் கவனம் அறுவை மருத்துவரின் கவனத்துக்குக் குறைந்ததாக இருக்கவே முடியாது.

தியேட்டருக்கு வெளியிலும் வேலை ஓய்வதில்லை. நோயாளியின் முன்கதையைக் கேட்டு எழுதுவது, ரவுண்ட்ஸில் மருத்துவரோடு செல்வது, பரிசோதனை முடிவுகளைத் தொடர்ந்து கவனிப்பது, டிஸ்சார்ஜ் சம்மரி தயாரிப்பது என எல்லாம் மருத்துவரின் மேற்பார்வையில் நடக்கும். ஐ.சி.யு. கதவருகே காத்திருக்கும் அம்மா ஒருவர், "டாக்டர் தம்பி, எங்க ஊட்டுக்காரரு கண்ணு முழிச்சிட்டாருங்களா?" என்று முதலில் கேட்பது பெரும்பாலும் இவரிடம்தான். "முழிச்சிட்டாருங்கம்மா. நான் டாக்டர் இல்லீங்க, டாக்டர்கூட வேலை செய்யறவனுங்க" என்று சொல்லும் பிள்ளைகளை நான் மிகவும் மதிக்கிறேன். அப்படிச் சொல்வதால் அவர்கள் எந்த வகையிலும் தாழ்ந்துபோவதில்லை. மாறாக, நோயாளிக்கு உண்மை தெரிகிறது.

அந்த மதிப்பு மருத்துவமனை வாசலோடு நின்றுவிடுவதற்குக் காரணம், என் பார்வையில், நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கத்து விடுதிப் பள்ளிகளில் தொடங்குகிறது. விசைத்தறி ஓட்டியும் தென்னந்தோப்பை அடமானம் வைத்தும் பிள்ளைகளை அங்கே சேர்த்த பெற்றோருக்கு எம்.பி.பி.எஸ். ஒன்றுதான் இலக்கு. 2016 வரை பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணும், 2017 முதல் நீட் தேர்வும் அந்த இலக்கின் வாசலாக இருந்தன. பிசிஷியன் அசிஸ்டென்ட் படிப்புக்கோ பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே போதும். எனவே, இதில் சேர்ந்த பிள்ளையை "சீட்டுக் கிடைக்காத பிள்ளை" என்றே ஊர் எண்ணுகிறது. அந்தப் பிள்ளை பின்னால் என்ன கற்றது என்று யாரும் கேட்பதில்லை. காங்கேயத்திலோ பல்லடத்திலோ ஜாதகம் பார்க்கும் இடத்தில், "பையன் ஆஸ்பத்திரியிலதானுங்க, ஆனா டாக்டர் இல்லீங்களே?" என்ற ஒரே கேள்வியில் பேச்சு முடிந்துவிடுகிறது.

மற்றொரு காரணம் சட்டம். மருத்துவருக்கும் செவிலியருக்கும் பதிவுக் கவுன்சில்கள் நெடுங்காலமாக இருக்க, இவர்களை முறையான பதிவுக்குள் கொண்டுவரும் தேசியச் சட்டம் 2021இல்தான் வந்தது. அமெரிக்காவில் இதே பணிக்கு முதுகலைப் பட்டமும் தேசியத் தேர்வும் உரிமமும் வேண்டும். அங்குள்ள 50 மாநிலங்களிலும் அவர்கள் மருந்து எழுதலாம். இங்கே தனித்து மருந்து எழுதும் உரிமை கிடையாது. பிரிட்டனில் 2024 டிசம்பரில் மருத்துவக் கவுன்சிலின் கீழ் இவர்களுக்கான பதிவு தொடங்கியது. இந்தப் பணியைப் பற்றி அங்கே 2025 ஜூலையில் வெளியான ஆய்வறிக்கை, இவர்களை மருத்துவர்களிடமிருந்து நோயாளிகள் எளிதில் பிரித்தறியும்படி தனி உடையும் அடையாள அட்டையும் வேண்டும் என்றது. நம் மருத்துவமனைகளும் இதை இன்றே செய்யலாம் என்பது என் உறுதியான கருத்து.

(திரையில்: சேர்வதற்கு முன் கேட்க வேண்டியவை)

இந்த ஆண்டு பிள்ளையை இதில் சேர்க்க நினைக்கும் பெற்றோர், கல்லூரி டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் போன்ற முறையான பல்கலைக்கழகத்தோடு இணைந்ததா, பயிற்சிக்கு உண்மையிலேயே நோயாளிகள் வரும் மருத்துவமனை இருக்கிறதா, பயிற்சி ஆண்டில் ஊக்கத்தொகை உண்டா, சென்ற ஆண்டு முடித்தவர்கள் எங்கே என்ன சம்பளத்தில் இருக்கிறார்கள் என்பதை நேரில் சென்று கேளுங்கள். கோவை, ஈரோடு, சேலம் மருத்துவமனைகளில் ஏற்கெனவே இந்தப் பணியில் இருப்பவர்கள், உங்கள் முதல் மாதச் சம்பளத்தையும் இன்று நீங்கள் செய்யும் வேலையையும் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். அடுத்த காணொளியில் அவற்றை அப்படியே வாசிக்கிறேன்.