20 நாள் கணக்கும் 31-ஆம் நாள் அந்தியேட்டியும்

வணக்கம் நேயர்களே. ஜூன் மாதம் பிறந்தாலே நம்மவர்கள் கேட்கத் தொடங்கிவிடும் கேள்வி ஒன்று இருக்கிறது. பிள்ளையை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனால் ஸ்கூல் எத்தனை நாளைக்கு இடத்தை வைத்திருக்கும், எப்போது பெயரை வெட்டும்? நான் லண்டனில் ஒரு ஆரம்பப் பாடசாலையில் கவர்னராக, அதாவது நிர்வாகக் குழு உறுப்பினராக இருக்கிறேன், அதனால் இந்தக் கதையைப் பெற்றோர் பக்கத்திலிருந்தும் கேட்கிறேன், அலுவலகப் பக்கத்திலிருந்தும் கேட்கிறேன். ஸ்காட்லாந்து, வேல்ஸ் பக்கம் இருக்கும் நேயர்கள் குறைநினைக்கக் கூடாது, நான் சொல்லப்போவது இங்கிலாந்து விதிகளை மட்டும்தான்.

எல்லோர் வாயிலும் இருப்பது 20 நாள். அது பாதிதான் சரி. 2024 ஆகஸ்ட் 19-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த புதிய வரவுப் பதிவு விதிகளிலும் அந்த 20 இருக்கிறது, அதற்கு முன்பிருந்த 2006-ஆம் ஆண்டு விதிகளிலும் இருந்தது. ஆனால் 21-ஆம் நாள் காலையில் தானாகவே இடாப்பிலிருந்து, அதாவது மாணவர் பதிவேட்டிலிருந்து பெயர் போய்விடும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. அனுமதியில்லாமல் தொடர்ந்து 20 பள்ளி நாட்கள் பிள்ளை வராமல் இருக்க வேண்டும். சனி, ஞாயிறு, விடுமுறை எல்லாம் இதில் சேராது, ஆக முழுதாக நாலு வாரம். அப்புறம், நோய் காரணமாகவோ தவிர்க்க முடியாத வேறு காரணத்தாலோ வரவில்லை என்று நினைக்க இடமிருக்கக் கூடாது. அதற்கும் மேலே, ஸ்கூலும் உள்ளூர் கவுன்சிலும் சேர்ந்து விசாரித்தும் பிள்ளை எங்கே என்று தெரியாமல் இருக்க வேண்டும், அல்லது எங்கே என்று தெரிந்தும் இனி இந்தப் பிள்ளை திரும்பி வரப்போவதில்லை என்று இரண்டு பேரும் ஒத்துக்கொள்ள வேண்டும். இவ்வளவும் கூடினால்தான் வெட்டலாம்.

இதைக் கவனித்துக் கேட்டால் ஒரு விஷயம் புரியும். நாள் கணக்கைவிட ஆபத்தானது சத்தமில்லாமல் போவது. ஸ்கூல் போன் பண்ணுகிறது, இங்கிலாந்து நம்பர் அடித்துக்கொண்டே இருக்கிறது, ஈமெயிலுக்குப் பதில் இல்லை, வீட்டுக்கு ஆள் வந்து கதவைத் தட்டினால் மாடியில் வாடகைக்கு இருப்பவர் "ஊருக்குப் போய்விட்டார்கள், எப்ப வருவார்கள் என்று தெரியாது" என்கிறார். இதுதான் வெட்டுவதற்கு வேண்டிய சாட்சி! அதே குடும்பம் "இந்தத் தேதி திரும்புகிறோம், இதோ டிக்கெட், இதோ ஊர் நம்பர்" என்று இரண்டு வரி எழுதியிருந்தால், திரும்பி வரமாட்டார்கள் என்று சொல்ல ஸ்கூலுக்கு வழியே இல்லை. அபராதம் வரலாம், அது வேறு கதை.

அபராதத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பிறகு அதையே கேட்பீர்கள். பத்துப் பள்ளி வாரங்களுக்குள் பத்து அரைநாட்கள், அதாவது ஐந்து முழு நாட்கள் அனுமதியில்லாமல் போனால் கவுன்சில் அபராதம் போடுவதைப் பற்றி ஸ்கூல் யோசித்தே ஆக வேண்டும். ஒரு பெற்றோருக்கு ஒரு பிள்ளைக்கு 80 பவுண், 21 நாளுக்குள் கட்டாவிட்டால் 160. இரண்டு பெற்றோர், இரண்டு பிள்ளை என்றால் 320. விமான டிக்கெட்டில் மிச்சம் பிடித்த காசோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் பல பேர் போகிறார்கள் என்பது எனக்குத் தெரியும், ஸ்கூலுக்கும் தெரியும். மூன்று வருடத்துக்குள் அதே பிள்ளைக்காக இரண்டாம் முறை என்றால் நேரே 160, மூன்றாம் முறைக்கு அபராதமே கிடையாது, கோர்ட் வரைக்கும் போகலாம்.

சரி, இனி நமக்கென்றே இருக்கும் சிக்கலுக்கு வருகிறேன். யாழ்ப்பாணத்தில் அம்மம்மா காலமாகிவிட்டார் என்று இரவு தகவல் வருகிறது, விடிய டிக்கெட் எடுத்து முழுக் குடும்பமும் போகிறது. செத்தவீட்டுக்கு ஸ்கூல் அதிபர், அதாவது தலைமை ஆசிரியர், பெரும்பாலும் சில நாட்கள் அனுமதி தருவார், விசேஷ சூழ்நிலை என்ற கணக்கில். ஆனால் நம் வீடுகளில் எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்து 31-ஆம் நாள் சடங்கான அந்தியேட்டி வரைக்கும் நிற்க வேண்டும். 31 நாளுக்குள் பள்ளி நாட்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். இடையில் விடுமுறை வராவிட்டால் 21, 22, சில சமயம் 23. அந்த 20-ஐத் தாண்டிவிடுகிறோம், யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை. இதைப் போய் ஒரு ஆங்கிலேய அதிபரிடம் விளக்கியவர்கள் எத்தனை பேர்? விளக்கினால் பல பேர் கேட்கிறார்கள், எனக்கு அந்த அனுபவம் உண்டு. போகும் நாளிலேயே ஒரு ஈமெயில், இறந்தவர் யார், 31-ஆம் நாள் என்ன தேதி, எந்தத் தேதி பிள்ளை வகுப்பில் இருக்கும். எல்லா நாளுக்கும் அனுமதி கிடைக்காது, ஆனால் பிள்ளை எங்கே என்பது பதிவாகிவிடும். இன்னொன்று, இது என் சொந்த அபிப்பிராயம், பெரியவர்கள் கோபிக்கலாம்: கொள்ளி வைத்தவர் 31 வரைக்கும் நிற்கட்டும், மூன்றாம் வகுப்புப் பிள்ளை நிற்க வேண்டியதில்லை. ஒரு பெற்றோர் பிள்ளைகளோடு முதலே திரும்பலாம்.

அதிபர் அனுமதி கொடுத்திருந்தால் கணக்கு வேறு, அது இன்னும் இறுக்கம். கொடுத்த லீவு முடிந்து பத்துப் பள்ளி நாட்களுக்குள் வராவிட்டால் பெயர் வெட்டும் நடவடிக்கையைத் தொடங்கலாம். அங்கேயும் அதே நிபந்தனைகள்தான், நோய் இருக்கக் கூடாது, கவுன்சிலோடு சேர்ந்து விசாரித்திருக்க வேண்டும். பிள்ளைக்கு அங்கே டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் வைத்திருந்தால் ஆஸ்பத்திரியில் தரும் துண்டுச்சீட்டைப் படம் எடுத்து அன்றே அனுப்புங்கள், வந்து காட்டலாம் என்று வைத்திருக்க வேண்டாம்.

நம்மவர்கள் தாங்களாகவே கழுத்தைக் கொடுக்கும் இடம் ஒன்றும் இருக்கிறது. அபராதத்துக்குப் பயந்து, யாரோ சொன்ன யோசனையில், "பிள்ளையை வீட்டில் வைத்துப் படிப்பிக்கப் போகிறோம்" என்று கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அந்தக் கடிதம் கிடைத்தால் 20 நாளும் இல்லை, 10 நாளும் இல்லை, பெயரை எடுத்துவிடுவார்கள், சட்டப்படியே. திரும்பி வந்து "சும்மா எழுதினோம்" என்றால் யார் கேட்பது? அதே மாதிரிதான் "நாங்கள் ஆறு மாதம் அங்கேயே இருக்கப் போகிறோம்" என்று பெருமையாகச் சொல்வதும், ஸ்கூலுக்கு எட்டும் தூரத்தில் இப்போது குடியிருக்கவில்லை என்பதும் பெயர் வெட்ட ஒரு காரணம்.

ஸ்கூல் ஏன் இவ்வளவு அவசரப்படுகிறது என்று கேட்பீர்கள். ரிசெப்ஷன் என்ற ஆரம்ப வகுப்பு, முதலாம், இரண்டாம் வகுப்புகளில் ஒரு ஆசிரியருக்கு 30 பிள்ளைக்கு மேல் பொதுவாக இருக்கக் கூடாது, 1998-இல் வந்த சட்டம். உங்கள் பிள்ளையின் கதிரை சும்மா கிடக்கும்போது 31-ஆவது பிள்ளை காத்திருப்புப் பட்டியலில் நிற்கிறது, அதுவும் போன மாதம் வந்திறங்கிய நம் வீட்டுப் பிள்ளையாகவே இருக்கலாம். அந்தப் பட்டியல் முதலில் வந்தவருக்கு முதலிடம் என்ற முறையில் போவதில்லை, தூரம், கூடப்பிறந்தவர் அங்கே படிப்பது போன்ற விதிகளின்படி ஒவ்வொரு முறையும் புதிதாக அடுக்கப்படும். காசுக் கணக்கும் உண்டு, அக்டோபர் முதல் வியாழக்கிழமை எடுக்கும் கணக்கில் இடாப்பில் இருக்கும் தலைக்குத்தான் ஸ்கூலுக்குப் பணம். லண்டனில் இப்போது பிள்ளைகள் குறைந்து சில ஆரம்பப் பாடசாலைகளை மூடுகிறார்கள், அப்படியான இடத்தில் உங்கள் பிள்ளையைப் போகவிட அவர்களுக்கே மனமிருக்காது. சட்டன், கிங்ஸ்டன், ரெட்பிரிட்ஜ் பக்கத்தில் நுழைவுத் தேர்வு வைத்து எடுக்கும் கிராமர் ஸ்கூல் என்றால் நிலைமை நேர்மாறு, அங்கே விட்ட இடத்தைத் திரும்பப் பிடிப்பது குதிரைக்கொம்பு.

செப்டம்பரில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு ஒன்று. "முதல் நாள் வராவிட்டால் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம்" என்று சிலருக்குச் சொல்லப்பட்டிருக்கும். ஒப்புக்கொண்ட ஆரம்ப நாளிலிருந்து பிள்ளையின் பெயர் இடாப்பில் இருக்க வேண்டும் என்பதுதான் விதி, அதற்குப் பிறகு வெட்ட வேண்டுமென்றால் மேலே சொன்ன வழியில்தான் போக வேண்டும். ஆனால் வசந்த காலத்தில் வந்த இடத்தை ஏற்பதாகப் பதில் போடாமலே இருந்துவிட்டால், இன்னொரு நினைவூட்டல் அனுப்பிவிட்டு அதைத் திரும்ப எடுக்கலாம்.

ஏற்கெனவே வெட்டிவிட்டார்களா? எந்தக் காரணத்தின் கீழ், எந்தத் தேதியில் வெட்டினீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள், கவுன்சிலுக்கு அறிவிக்காமல் வெட்ட முடியாது என்பதால் கவுன்சிலிடமும் கேளுங்கள். விதிப்படி நடக்கவில்லை என்றால் கவர்னர்களுக்கு முறைப்பாடு எழுதலாம். அது நடந்துகொண்டிருக்கும்போதே வருட நடுவில் சேரும் விண்ணப்பத்தையும் போட்டுவிடுங்கள், 15 பள்ளி நாட்களுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும், மூத்த பிள்ளை இன்னும் அதே ஸ்கூலில் இருந்தால் அதைக் கட்டாயம் குறிப்பிடுங்கள்.

இனி உங்கள் அழைப்புகளை எடுக்கலாம் என்கிறார்கள். பிள்ளையின் பெயரையும் ஸ்கூலின் பெயரையும் ஒலிபரப்பில் சொல்ல வேண்டாம், எந்த வகுப்பு, எந்தக் கவுன்சில் என்று சொன்னால் எனக்குப் போதும்.