தட்டுகள் மோதும் இடத்தில் கடல் ஏன் விரிகிறது?

[திரையில்: வங்கக்கடல் வரைபடம். சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு ஒரு கோடு நகர்கிறது.]

சென்னைத் துறைமுகத்தில் போர்ட் பிளேருக்குக் கப்பல் ஏறினால் ஏறக்குறைய 3 நாள் பயணம். பூமியின் மேற்பரப்பு மெல்ல நகரும் பெரும் பாறைப் பலகைகளால் ஆனது; அவைதான் தட்டுகள். பல்லாவரத்துச் சார்னகைட் பாறையும், வழியில் பெரும்பாலும் கப்பலுக்கு அடியில் வரும் கடல்தரையும் ஒரே இந்தியத் தட்டைச் சேர்ந்தவை. அந்தத் தட்டு அந்தமானுக்கு மேற்கே வளைந்து, பர்மா தட்டுக்கு அடியில் இறங்குகிறது.

இறங்கும் இடத்தில் ஆழமான அகழி இருக்க வேண்டும். ஆனால் கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டுவந்து கொட்டிய வண்டல் அதைப் பெரும்பாலும் மூடிவிட்டது. தட்டு இறங்க இறங்க, அந்த வண்டலும் கடல்தரைத் துண்டுகளும் சுரண்டப்பட்டு மேடாகக் குவிந்தன. அந்த மேட்டின் உச்சிதான் அந்தமான் நிக்கோபார் தீவுகள்.

[திரையில்: பாராடாங், கொப்பளிக்கும் சேறு]

அந்தமானில் பாராடாங் தீவுக்குப் போனவர்கள் இதைப் பார்த்திருப்பீர்கள். சாம்பல் நிறச் சேறு, நடுவில் மெல்ல உப்பி உடையும் ஒரு குமிழி. சேற்று எரிமலை என்று பெயர் இருந்தாலும் பாறைக்குழம்பு இதில் கிடையாது. ஆழத்தில் நசுங்கும் வண்டலிலிருந்து நீரும் வாயுவும் பிதுங்கி வருகின்றன, அவ்வளவுதான்.

நிஜ எரிமலை இன்னும் கிழக்கே, போர்ட் பிளேரிலிருந்து சுமார் 140 கி.மீ. தூரத்தில் இருக்கும் பாரன் தீவு. 1787-இல் அது சீறியதற்குப் பதிவு உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் அடங்கியது, 1991-இல் மறுபடி விழித்துக்கொண்டது. அதன் பிறகு அவ்வப்போது புகையும் சாம்பலும் கக்குகிறது.

குளிர்ந்த தட்டு இறங்கும் இடத்தில் பாறை எப்படி உருகும்? காரணம் தண்ணீர். கடல்தரைப் பாறையின் கனிமங்களுக்குள் நீர் கட்டுண்டு கிடக்கிறது. சுமார் 100 கி.மீ. ஆழத்தில் அழுத்தமும் வெப்பமும் அதை வெளியேற்றுகின்றன. அந்த நீர் மேலே உள்ள சூடான மேன்டில் பாறையில், அதாவது பூமியின் மேலோட்டுக்கு அடியில் உள்ள அடுக்கில், ஏறியதும் அந்தப் பாறையின் உருகுநிலை குறைந்துவிடுகிறது. அதே சூட்டிலேயே பாறை உருகத் தொடங்குகிறது.

[திரையில்: குறுக்குவெட்டுப் படம். எரிமலை வரிசைக்குப் பின்னால் ஒரு பிளவு.]

சரி, அந்த எரிமலைக்கும் பின்னால்? என்னை மிகவும் ஈர்க்கும் பகுதி இதுதான். பாரன் தீவுக்குத் தென்கிழக்கே கடல்தரை பிளந்து, இரண்டு பக்கமும் விலகிக்கொண்டிருக்கிறது. சுமார் 40 லட்சம் ஆண்டுகளாக இப்படி நடக்கிறது. தரை விலகும்போது கீழே உள்ள மேன்டில் மேலெழுகிறது, அழுத்தம் குறைகிறது, அதனாலேயே உருகிப் புதுக் கடல்தரையாக உறைகிறது. எரிமலை வரிசையின் வளைவுக்குப் பின்னால் இப்படி விரியும் கடல்தரையைத்தான் பின்வளைவுப் படுகை என்கிறோம்.

மோதும் இடத்தில் இழுப்பு எப்படி வந்தது? பசிபிக்கில் மரியானா அகழிப் பக்கம் விடை எடையில் இருக்கிறது. பழைய, குளிர்ந்த, கனமான கடல்தரை கிட்டத்தட்டச் செங்குத்தாக அமிழ்கிறது. மேலே உள்ள தட்டின் விளிம்பு அகழியோடு ஒட்டி நிற்க, பின்புறம் இழுபட்டுக் கிழிகிறது.

அந்தமானுக்கு இந்த விளக்கம் மட்டும் போதாது என்பது என் கருத்து. இங்கே இந்தியத் தட்டு நேராக மோதவில்லை, வடக்கு நோக்கிச் சாய்வாக உரசிப் போகிறது. போகிற போக்கில் மேல்தட்டின் ஓரத்தை ஒரு சீவலாகப் பிய்த்து, வடக்கே இழுத்துச் செல்கிறது. அந்தச் சீவல்தான் பர்மா தட்டு. வடக்கே மியான்மரின் சகாயிங் பிளவும், தெற்கே சுமத்ராவின் பெரும் பிளவும் அதன் கிழக்கு எல்லைகள். இரண்டும் ஒரே நேர்கோட்டில் இல்லை. அவற்றுக்கு இடைப்பட்ட பகுதி விரிந்து கொடுத்தே ஆக வேண்டும்.

சென்னைக்காரர்களுக்கு இது வெறும் பாடமல்ல. 2004 டிசம்பர் 26-இல் மெரினாவைத் தாக்கிய சுனாமி, இந்தியத் தட்டு அடியில் இறங்கும் அந்த மேற்கு விளிம்பு 1,000 கி.மீ.க்கும் அதிகமாகச் சறுக்கியதால் வந்தது. அடுத்த மாதமே, 2005 ஜனவரி கடைசியில், நிக்கோபாருக்குக் கிழக்கே பின்வளைவுப் பகுதியில் 5-க்கு மேல் அளவுள்ள நூற்றுக்கும் அதிகமான நடுக்கங்கள் சில நாளில் வரிசையாக வந்தன. அவற்றால் சென்னைக்குச் சுனாமி வரவில்லை. பின்வளைவில் தரை பெரும்பாலும் பக்கவாட்டில் நழுவும் அல்லது விலகும். மேற்கு விளிம்பு போல ஒரு பெரும் பரப்பு ஒரே மூச்சில் கடலைத் தூக்கி எறிவதில்லை.

ஆகவே, ‘அந்தமான் கடலில் நிலநடுக்கம்’ என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தால், அது தீவுகளுக்கு மேற்கேயா கிழக்கேயா என்று வரைபடத்தில் பாருங்கள். அப்புறம், ஹைதராபாத்தில் உள்ள சுனாமி எச்சரிக்கை மையம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டு ஃபார்வர்டு செய்யுங்கள்.