அயர்ன் பாக்ஸ் போதும்: டி-ஷர்ட்டில் பெயரை வீட்டிலேயே ஒட்டலாம்

வணக்கம் மக்களே. தை பிறந்தால் நம் கிருஷ்ணகிரி பக்கம் என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஊர் ஊராக எருது விடும் விழா, ஒவ்வொரு காளைக்கும் பின்னால் ஒரு பையன்கள் கூட்டம், அந்தக் கூட்டத்துக்கு ஒரே நிறத்தில் டி-ஷர்ட், முதுகில் காளையின் பெயர். எங்கள் சித்தப்பா வீட்டுக் காளைக்கு மின்னல் என்று பெயர், கூடப் போகிற தம்பிகள் ஐந்தாறு பேர்தான். இந்த ஐந்தாறு சட்டைக்கு ஸ்கிரீன் பிரிண்டிங் கடைக்குப் போனால் கட்டுப்படியாகாது. கடைக்காரரையும் குறை சொல்ல முடியாது, ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன் தயார் செய்து, மை கலந்து, அப்புறம் எல்லாவற்றையும் கழுவி வைக்கிற வேலை ஐந்து சட்டைக்கும் ஒன்றுதான், ஐம்பது சட்டைக்கும் ஒன்றுதான். அதனால் ஐம்பது சட்டை என்றால் கடைக்கே போங்கள். நாலைந்து என்றால் ஹீட் டிரான்ஸ்ஃபர் வினைல், அதாவது சூடு கொடுத்தால் துணியில் ஒட்டிக்கொள்கிற பிளாஸ்டிக் தாள், வாங்கி வீட்டிலேயே ஒட்டிவிடலாம், ஹீட் பிரஸ் மெஷினும் வேண்டாம், கட்டிங் மெஷினும் வேண்டாம்.

முதலில் பொருளைச் சரியாக வாங்குங்கள். வண்டியில் ஒட்டுகிற ஸ்டிக்கரும் வினைல்தான், ஆனால் அது வேறு, பின்னால் பேப்பர் இருக்கும், உரித்தால் கையில் ஒட்டும். அதைத் துணியில் ஒட்டி அயர்ன் பண்ணவே பண்ணாதீர்கள், சுருங்கி உருகி நாற்றம்தான் வரும். நமக்கு வேண்டியது இது. இதோ, கேமராவுக்குக் கிட்டக் காட்டுகிறேன். ஒரு பக்கம் பளபளவென்று இருக்கிறதே, அது கண்ணாடித் தாள். மறு பக்கம் மங்கலாக இருக்கிறது, அதில்தான் பசை. தொட்டால் ஒட்டாது, சூடு பட்டால்தான் இளகும். எது எந்தப் பக்கம் என்று குழப்பமாக இருந்தால் மூலையை நகத்தால் கீறிப் பாருங்கள், நிறமில்லாத தாள் தனியாகப் பிரிந்து வரும், சட்டையில் ஒட்டும்போது அந்தப் பக்கம்தான் மேலே இருக்க வேண்டும்.

சட்டைக்குப் பர்கூர் போய் வந்தேன். ஜவுளிக்கு இந்த மாவட்டத்தில் வேறு எங்கே போவது. நூறு சதவீதம் காட்டன் எடுத்தேன், பாலியஸ்டர் கலந்த காட்டனும் பரவாயில்லை. விளையாட்டுப் பையன்கள் போடுகிற வழவழப்பான பாலியஸ்டர் சட்டை என்றால் சூட்டைக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் துணி பளபளத்துப் போகும், சில சமயம் சட்டையின் சாயமே மேலேறி வெள்ளை வினைலை ரோஸ் கலராக்கிவிடும். நைலான் பக்கம் போகவே வேண்டாம். கழுத்துக்குப் பின்னால் இருக்கிற சின்ன லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள். புதுச் சட்டையை ஒரு முறை அலசிக் காயவைத்துவிடுங்கள், அலசும்போது கம்ஃபர்ட் மாதிரி வாசனைத் திரவம் எதுவும் வேண்டாம், கஞ்சியும் வேண்டாம். துணி மேல் ஒரு படலம் இருந்தால் பசை நூலுக்குள் இறங்காது.

சரி, வெட்டுகிற வேலை. இதில்தான் பொறுமை வேண்டும். பெயரைப் பேப்பரில் பெரிதாக எழுதி, வெட்டி எடுத்து, அந்தப் பேப்பர் எழுத்தைக் கவிழ்த்துப்போட்டு மங்கலான பக்கத்தில் வைத்துச் சுற்றிலும் பேனாவால் வரையுங்கள். கவிழ்த்துத்தான் வைக்க வேண்டும், பார்ப்பதற்கு ‘ல்’ இடது ஓரத்திலும் ‘மி’ வலது ஓரத்திலும் கண்ணாடியில் பார்ப்பது போல இடவலம் மாறித் தெரியும், அதுதான் சரி, ஒட்டும்போது நேராகிவிடும். அப்புறம் பேப்பர் கட்டரில் ஒரு துண்டை உடைத்துவிட்டுப் புது முனையால் கோட்டின் மேல் இழுங்கள். வினைல் மட்டும் அறுபட வேண்டும், அடியில் இருக்கும் கண்ணாடித் தாள் அறுபடக் கூடாது. எவ்வளவு அழுத்தினால் போதும் என்பதை ஓரத்தில் இருக்கும் வீண் துண்டில் இழுத்துப் பார்த்துக் கை பழகிக்கொள்ளுங்கள். அந்தத் துண்டை வளைத்தால் கோடு வாய் திறக்கும், தாள் கிழியாமல் இருக்கும், அந்த அளவுதான்.

ஏன் இவ்வளவு சிரமம், கத்தரிக்கோலால் எழுத்து எழுத்தாக வெட்டிவிடலாமே என்றால், ஆங்கில எழுத்துக்கு வெட்டலாம். தமிழுக்குப் புள்ளி இருக்கிறது. ‘மின்னல்’ என்பதில் இரண்டு புள்ளி, இரண்டையும் தனியாக வெட்டிச் சட்டையில் சரியான இடத்தில் வைத்து, நகராமல் அயர்ன் பண்ணுவது ரொம்பச் சிரமம். தாள் முழுதாக இருந்தால் புள்ளி தன் இடத்திலேயே உட்கார்ந்திருக்கும். வெட்டி முடித்ததும் வேண்டாத பகுதியை ஓரத்திலிருந்து மெதுவாக உரித்து எடுங்கள், ‘ன’வின் சுழிக்குள் மாட்டிக்கொண்டிருக்கும் சின்னத் துண்டை ஊக்கு முனையால் குத்தித் தூக்கலாம். எழுத்தைக் கொஞ்சம் தடிமனாக எழுதுங்கள், மெல்லிய வால் இருந்தால் துவைக்கத் துவைக்க முதலில் அதுதான் தூக்கும்.

இப்போது அயர்ன் பாக்ஸ். துளை இல்லாத சாதாரண டிரை அயர்ன் இருந்தால் அதுதான் நல்லது. ஸ்டீம் அயர்ன் மட்டும்தான் இருக்கிறது என்றால் தண்ணீரைச் சுத்தமாகக் கொட்டிவிட்டு ஸ்டீமை அணைத்துவிடுங்கள், துளை இருக்கும் இடத்தில் சூடு படாது என்பதால் கொஞ்சம் நகர்த்தி நகர்த்தி வைக்க வேண்டிவரும். சூடு எவ்வளவு என்றால், சாதாரண பி.யூ. (பாலியூரித்தேன் என்கிற பிளாஸ்டிக்) வினைலுக்குப் பொதுவாக 150 முதல் 160 டிகிரி. வாங்கும்போது கொடுக்கிற சீட்டில் வேறு அளவு போட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். அயர்ன் பாக்ஸில் டிகிரி போட்டிருக்காது, ஆனால் புள்ளிகள் இருக்கும். ஒரு புள்ளி ஏறக்குறைய 110, இரண்டு புள்ளி 150, மூன்று புள்ளி 200. நமக்கு வேண்டியது இரண்டுக்குச் சற்று மேலே. காட்டன் சட்டைதானே என்று கடைசி வரை திருகிவிடாதீர்கள். விளக்கு அணையும் வரை காத்திருங்கள், சாயங்காலம் வோல்டேஜ் குறைவாக இருக்கும் ஊர்களில் இதற்குக் கூடுதல் நேரம் ஆகும்.

இனி நான் சொல்லப்போவதைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். ஒட்டாமல் போனால் உடனே சூடு பத்தவில்லை என்று திருகைக் கூட்டுகிறோம். பத்தாமல் போவது பெரும்பாலும் அழுத்தம்தான். ஹீட் பிரஸ் மெஷின் என்ன செய்கிறது, சூடான தட்டைச் சட்டை முழுக்க ஒரே சீராக இறுக்கி அமுக்குகிறது. அந்த இறுக்கத்தை நாம் உடம்பால் கொடுக்க வேண்டும். கட்டில் மெத்தை, நாலு மடிப்புப் போர்வை, பஞ்சு வைத்த அயர்ன் டேபிள், இதெல்லாம் அமுக்க அமுக்க உள்வாங்கிக்கொள்ளும், நாம் போடும் பாரம் வினைலுக்குப் போய்ச் சேராது. அதற்காக நேராகத் தரையிலும் போடாதீர்கள். நம் மாவட்டத்தில் பாதி வீட்டில் கிரானைட், கல் சில்லென்று இருக்கும், மேலே கொடுக்கிற சூட்டைக் கீழே இழுத்துவிடும். தரையில் ஒரு பிளைவுட் பலகை, அதன் மேல் காட்டன் துண்டு ஒற்றையாக, சுருக்கமில்லாமல். அவ்வளவு போதும்.

சட்டையை நீளவாக்கில் பாதியாக மடித்து நடுவில் ஒரு கோடு விழும்படி அயர்ன் பண்ணுங்கள், எழுத்தின் நடுப்பகுதி அந்தக் கோட்டில் வர வேண்டும். காலரிலிருந்து நான்கு விரல் இறக்கி வைத்தால் பார்வைக்கு நன்றாக இருக்கும். தையல் மேலே ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தையல் மேட்டில் அயர்ன் பாக்ஸ் தூக்கிக்கொண்டு நிற்கும், பக்கத்தில் இருக்கும் எழுத்துக்கு அழுத்தம் போகாது. வினைல் வைப்பதற்கு முன் அந்த இடத்தைச் சும்மா ஒரு ஐந்து, பத்து நொடி அழுத்தி ஈரத்தை விரட்டுங்கள், காய்ந்தது போலத் தெரிந்தாலும் காட்டனில் ஈரம் இருக்கும். அப்புறம் கண்ணாடித் தாள் மேலே இருக்க வினைலை வைத்து, மேலே மெல்லிய வேட்டித் துண்டு ஒன்றைப் போடுங்கள். பட்டர் பேப்பரும் போடலாம், ஆனால் மெழுகு பூசினது கூடாது.

முட்டி போட்டு உட்காருங்கள், இரண்டு கையும் அயர்ன் பாக்ஸின் பிடியில், தோளை முன்னால் சாய்த்து உடம்பு பாரத்தை இறக்குங்கள். தேய்க்கக் கூடாது, தேய்த்தால் எழுத்து நகர்ந்து கோணும். ஓர் இடத்தில் வைத்து மனதுக்குள் பதினைந்து, இருபது எண்ணுங்கள், தூக்குங்கள், பாதி அளவு முந்தைய இடத்தின் மேல் ஏறும்படி அடுத்த இடத்தில் வையுங்கள். அயர்ன் பாக்ஸின் நடுவில் இருக்கும் சூடு முனையிலும் ஓரத்திலும் இருக்காது, அதனால்தான் இப்படி ஏற்றி ஏற்றி வைக்கச் சொல்கிறேன். முடிந்ததும் சட்டையைத் திருப்பி உள்பக்கமாகவும் ஒரு முறை.

தெருமுனையில் கரிப் பெட்டி போடுகிற அண்ணனிடம் கொடுக்கலாமா என்று அம்மா கேட்டார். அந்தப் பெட்டியின் கனம் நம் வேலைக்கு அருமையானது, ஆனால் சூட்டுக்கு அளவு கிடையாது, அவர் மேசையில் போர்வை விரித்திருப்பார், அவர் கை தேய்த்தே பழகின கை. வீட்டு டிரை அயர்னே மேல் என்பது என் முடிவு.

உரிப்பதற்கு அவசரப்படாதீர்கள். சில வினைலைச் சூட்டோடு உரிக்கலாம், சிலவற்றை நன்றாக ஆறின பிறகுதான் உரிக்க வேண்டும், சீட்டில் போட்டிருப்பார்கள். சீட்டு இல்லையென்றால் ஆறவிடுங்கள். ஒரு மூலையிலிருந்து தாளைச் சட்டையோடு ஒட்டினாற்போல மடக்கி இழுங்கள், எழுத்தின் ஓரம் தாளோடு எழுந்து வந்தால் நிறுத்தி, அப்படியே படுக்க வைத்து மறுபடியும் அழுத்துங்கள். இதோ இந்த எழுத்தைப் பாருங்கள், வெளிச்சத்துக்குச் சாய்க்கிறேன். வினைலுக்கு மேலேயே துணியின் நெசவு வரி வரியாகத் தெரிகிறதா? பசை நூலுக்குள் இறங்கிவிட்டது என்று அர்த்தம். பக்கத்தில் இந்த ‘ல்’ இன்னும் வழவழவென்று பிளாஸ்டிக்காகவே நிற்கிறது, இதற்கு இன்னொரு முறை வேண்டும். தாள் போய்விட்டதால் இப்போது கட்டாயம் துணி போட்டுத்தான் அழுத்த வேண்டும், வெறும் அயர்ன் பாக்ஸ் பட்டால் வினைல் உருகி அதில் ஒட்டிக்கொள்ளும்.

ஒட்டின சட்டையை ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் படாமல் வையுங்கள். அப்புறம் துவைக்கும்போது உள்பக்கம் வெளியே திருப்பி, பச்சைத் தண்ணீரில் கையால் கசக்கினால் போதும். கல்லில் அடிக்க வேண்டாம், பிரஷ் போட வேண்டாம், பிளீச்சிங் வேண்டவே வேண்டாம். காயப்போடுவதும் திருப்பியபடியே நிழலில். எங்காவது ஓரம் தூக்கினால் பிய்த்து எறிந்துவிடாதீர்கள், சட்டை நன்றாகக் காய்ந்த பிறகு துணி போட்டு மறுபடி இருபது எண்ணி அழுத்தினால் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். இரண்டு நிறத்தில் ஒட்டுவதைத் தனி வீடியோவாகவே போடுகிறேன், அதில் எந்த நிறத்தை முதலில் வைப்பது, அடியில் இருப்பதை எவ்வளவு குறைவாக அழுத்துவது என்று நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. இன்னும் மூன்று சட்டை பாக்கி, நான் வெட்ட உட்காருகிறேன். வருகிறேன் மக்களே.