மரத்தில் ஒரு மாருத்

நேயர்களுக்கு வணக்கம்.

பழைய ஜெட் போர் விமானங்களை மரத்தில் செதுக்குவது பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். சேபர், மிக்-21 போன்றவற்றைச் செதுக்குபவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். என் மனம் மாருத்திடம்தான் போகிறது.

எச்.எஃப்.-24 மாருத், பெங்களூரில் உருவான விமானம். இரண்டாம் உலகப் போரில் பறந்த ஃபோக்கே-வுல்ஃப் 190 போர் விமானத்தை வடிவமைத்த ஜெர்மானியர் குர்ட் டாங்க், 1956இல் இங்கே வந்து நம் பொறியாளர்களோடு சேர்ந்து வடிவமைத்தது. 1961 ஜூனில் சோதனை விமானி சுரஞ்சன் தாஸ் அதை முதன்முதலாகப் பறக்கவிட்டார். ஆனால் அதற்கு இரண்டாண்டுகள் முன்பே இதே உருவம் மரத்தில் பறந்துவிட்டது! முழு அளவில், எஞ்சின் இல்லாத ஒரு மரக் கிளைடரைச் செய்து, டகோட்டா விமானத்தின் பின்னால் கட்டி இழுத்துப் போய், மேலே விடுவித்துச் சோதித்தார்கள். மாருத்தை மரத்தில் செய்ய இதைவிட என்ன நியாயம் வேண்டும்?

அதன் அழகெல்லாம் இடுப்பில் இருக்கிறது. ஒலியின் வேகத்தை நெருங்கும்போது, விமானத்தின் குறுக்குவெட்டுப் பரப்பு திடீரென்று கூடினால் காற்றின் எதிர்ப்பு ஏறிவிடும். இறக்கை சேரும் இடத்தில் பரப்பு கூடுகிறது அல்லவா? அதை ஈடுகட்ட, அங்கே உடலை ஒடுக்கினார்கள். மேலிருந்து பார்த்தால் உடுக்கை போலத் தெரியும். எதிர்பார்த்த வலுவான எஞ்சின் கடைசிவரை கிடைக்காததால், அந்த உடலுக்கு உரிய வேகத்தை மாருத் எட்டவே இல்லை. எனக்கு அது தீராத வருத்தம். என்றாலும், 1971 போரில் ராஜஸ்தான் முனையில் தரைத் தாக்குதலில் அது நன்றாகவே உழைத்தது.

இனி செதுக்கும் வேலை. 48இல் ஒரு பங்கு அளவில் செய்தால் உடல் 33 சென்டிமீட்டர் நீளம் வரும். இறக்கை நுனிக்கு நுனி 19 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. குமிழ் மரம் நல்லது. லேசானது, எளிதில் கோணாது, உளிக்கு இணங்கும். கட்டையில் முதலில் பக்கவாட்டு உருவத்தை வரைந்து அறுங்கள். பிறகு மேல்பார்வை உருவத்தை வரைந்து அறுங்கள். கிடைப்பது சதுரமான விமானம். அதன் விளிம்புகளைச் சீவி எட்டுப்பட்டையாக்கி, அதன் பிறகே உருட்ட வேண்டும். இடுப்பருகே அவசரம் கூடாது. குறுக்கு வடிவத்தை அட்டையில் வெட்டி வைத்துக்கொண்டு, நான்கு உப்புத்தாள் தேய்ப்புக்கு ஒருமுறை பொருத்திப் பாருங்கள். அட்டைக்கும் மரத்துக்கும் இடையே வெளிச்சம் தெரிந்தால், தேய்த்தது அதிகம்.

இறக்கைகளைத் தனித்தனியே செய்து, துளையில் செருகும் முளையான குடுமி வைத்து உடலில் இறக்குங்கள். பின்சாய்ந்த இறக்கை என்பதால், மரத்தின் இழை சாய்வின் போக்கிலேயே ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் நுனி பிளந்துவிடும்.

பெங்களூரில் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் (எச்.ஏ.எல்.) நிறுவனத்தின் அருங்காட்சியகத்தில் உண்மையான மாருத் நிற்கிறது. போய்ப் பாருங்கள். ஆனால் தரையில் நிற்பவர் கண்ணுக்கு அந்த இடுப்பின் ஒடுக்கம் முழுமையாகப் புலப்படாது. இந்தச் சின்ன மர உருவத்தில்தான் அது முழுசாகத் தெரிகிறது. அதனால், செய்து முடித்ததும் மூக்கு வானத்தைப் பார்க்கும் தாங்கியில் ஏற்றி அலமாரி உச்சியில் வைத்துவிடாதீர்கள். மேசை உயரத்தில், கிடையாக, குனிந்து பார்க்கும்படி வையுங்கள்.

வணக்கம்.